ரெஜான் மிதித்த பனி

ரெஜான் பூலியோவுக்கு அறுபத்தாறு வயது. முப்பத்தோரு வருஷம் தபால்காரராகக் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு சிற்றூரை வீடு வீடாக அளந்தவர். ஓய்வு பெற்ற அன்று, இனி நடப்பதில்லை என்று அறிவித்தார். மறுமாதமே ஊரின் பனிநடைச் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். மனிதர் அப்படி.

சங்கம் ஞாயிறுதோறும் மேப்பிள் காட்டுக்குள் நடக்கும். முறம் அகலத்துக்குப் பனிமிதியடி கட்டியிருந்தாலும் புதுப்பனியில் கால் முழங்கால்வரை இறங்கும். முதலில் போகிறவருக்குப் பாடு. பின்னால் வருகிறவர்களுக்கு ராஜபாட்டை. அதனால் ரெஜான் சனிக்கிழமை மதியமே தனியாகப் போய் ஐந்து கிலோமீட்டரையும் மிதித்துவிட்டு வருவார். இரவுக் குளிரில் பாதை இறுகிவிடும். ஒன்பது குளிர்காலமாக இது சங்கத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னால் தம்பட்டம், சொல்லாவிட்டால் இடுப்புவலி.

சங்கத் தலைவி யூகெத் அந்தப் பாதையைப் பார்த்ததும் முகம் சுளிப்பாள். "எவனோ முன்னாடியே வந்து கெடுத்துட்டுப் போயிருக்கான். கால் படாத பனின்னு ஒண்ணை நம்ம கண்ணுல காட்டவே மாட்டான் போல."

பிப்ரவரியில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. சனிக்கிழமை ரெஜான் வீட்டில் பூட்ஸ் மாட்டும்போதே பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன, ஒத்தைக் கால்ல பூட்ஸோட உக்காந்திருக்க?" என்றாள் மனைவி கிலேன்.

"முடியல."

"அப்ப போகாத. ஒரு நாள் போகலைன்னா காடு புகார் எழுதிப் போடாது."

"நாளைக்கு எல்லாரும் புதைவாங்களே."

"புதையட்டும். அவங்க கேட்டது அதானே?"

பூட்ஸைக் கழற்றினார். குற்றவுணர்ச்சியில் பட்டாணி சூப் இறங்கவில்லை. இரண்டு கிண்ணம்தான் குடித்தார்.

ஞாயிறு, ஒன்பது பேர், ஒரு தடம்கூட இல்லாத காடு. யூகெத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முன்னால் போகிறவர் நூறு அடி மிதித்து ஒதுங்கி, வரிசையின் வாலுக்கு வர வேண்டும் என்பது சங்க விதி. ரெஜான் கவனமாக வாலில் நின்றுகொண்டார். யூகெத் நாற்பதில் ஒதுங்கினாள். பேக்கரிக்கார ஃபெர்னான் இருபத்தைந்தில். கால் மணி நேரத்தில் எல்லாரும் ஒதுங்கி, ரெஜானுக்கு முன்னால் யாருமில்லை.

"உனக்கென்ன ரெஜான், தபால்காரன். நடந்து நடந்து பழகின காலு," என்றான் ஃபெர்னான், மூச்சு வாங்கியபடி.

ரெஜான் மிதித்தார். நூறு வந்தது. பின்னால் யாரும் 'போதும்' என்று சொல்லவில்லை. கால் தன் பாட்டுக்குப் போகப் பார்த்தது. வலுவில் நிறுத்தி ஒதுங்கினார்.

"ஏன் நின்னுட்ட? உனக்கு சுலபமாத்தானே வருது?" என்றாள் யூகெத்.

"வரல. எந்தச் சனிக்கிழமையும் வரல."

ஃபெர்னானுக்குத்தான் முதலில் உறைத்தது. "அப்ப அந்த எவனோ நீதானா?"

"நான்தான். இனிமே முடியாது."

அடுத்து முன்னால் அடி வைத்த யூகெத், தொடைவரை புதைந்துவிட்ட தன் காலைப் பார்த்தாள். கோபப்பட ஏற்ற நிலையல்ல அது. "சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ஒரு மணிக்கு. தனியா போகாத, ஃபெர்னானையும் கூட்டிக்கோ."

"என்னை எதுக்கு இழுக்கற?" என்றான் ஃபெர்னான். ஆனால் காட்டின் எந்த வாசலில் சந்திப்பது என்றும் கேட்டுக்கொண்டான்.

ஓடைவரை போய்த் திரும்பினார்கள். ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ரெஜான் கடைசியில் நடந்தார். எட்டுப் பேர் மிதித்த பனி நன்றாகவே தாங்கியது. களைப்பு மட்டும் குறையவில்லை. கார் வரைக்கும் கூடவே வந்தது.