பிடித்துக்கொள்ளும் ஒரு வரி

சாங்வியிலிருந்து விமான் நகர் ஆபீசுக்குக் கம்பெனி வண்டியில் ஒரு மணி நேரம் ஆகும். நான்கு வருடம் அந்த ஒரு மணி நேரத்தை ஒரு தோழியோடு பேசியே கழித்தேன். அவள் பூனாவை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. அவள் ஏறும் திருப்பத்தில் வண்டி வேகம் குறைந்தால், இன்னமும் என் கை பக்கத்து சீட்டில் இருக்கும் பையைத் தானாக எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கை கேட்பதில்லை.

அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். "வீட்ல கோத்திம்பீர் தீந்துபோச்சு, பாஜி வாங்கணும்" என்பது அவள் தமிழ்; கொத்தமல்லியும் காய்கறியும் மராத்தியில்தான் வரும். என்னுடையது கோயமுத்தூர்த் தமிழ். நான் "என்ற வீடு, உன்ற வீடு" என்றால் விழுந்து விழுந்து சிரிப்பாள். பேசத் தெரியுமே தவிர அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வண்டியிலேயே சொல்லித் தருகிறேன் என்று ஒரு மழைக்காலத்தில் ஜம்பமாக ஆரம்பித்தேன். ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுதி, ஊ வரைக்கும் வந்தோம். அதற்கு மேல் எனக்குச் சோம்பல்.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். தொழிற்சாலை இயந்திரம் எப்படி அதிர்கிறது என்று அளந்து, பழுதாவதற்கு முன்பே எச்சரிக்கும் மென்பொருள் அது. மேலே பைதான் மொழி. அடியில், வேகத்துக்காக, சி மொழியில் எழுதிய இரண்டு தொகுதிகள். அதிர்வு எண்களை வாங்கி நினைவகத்தில் அடுக்குவது அவளுடையது. அடுக்கியதைப் படித்துக் கணக்குப் போடுவது என்னுடையது. எண்கள் வந்து கொட்டிக்கொண்டே இருக்கும், பிரதி எடுக்க நேரமில்லை. அதனால் அவை எந்த இடத்தில் இருக்கின்றன என்ற முகவரியை மட்டும் அவள் தருவாள். பாயின்டர் என்போமே, அதுதான். பைதான் வழியாக அதை வெறுமனே கை மாற்ற முடியாது. கேப்ஸ்யூல் என்கிற ஓர் உறைக்குள் போட்டு, மேலே ஒரு பெயர் எழுதித் தர வேண்டும். பெயர் சரியாக இருந்தால் நான் திறக்கலாம்.

அந்த உறையை யாராவது பிடித்துக்கொண்டிருக்கும் வரை உள்ளே இருப்பது பத்திரம். கடைசி ஆளும் விட்டுவிட்டால் உறை போய்விடும், போகும்போது எண்களையும் காலி செய்துவிட்டுப் போகும். வீட்டைவிட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர் மோட்டாரை நிறுத்திப் பூட்டிக்கொண்டு போவதில்லையா, அப்படி. ஆகவே முகவரியை எடுப்பவர் உறையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நிரலுக்கு நடுவில் எழுதும் குறிப்புகளை ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதுவோம். இது என்ன பாஷை என்று மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அதில் ஒரு திமிர்.

பூனாவுக்குப் பக்கத்தில் தளேகாவில் ஒரு தொழிற்சாலைக்காரர்கள் முன்னால் எல்லாவற்றையும் ஓட்டிக் காட்ட வேண்டிய நாள் வந்தது. பத்து நிமிடம் அழகாக ஓடியது. பிறகு அப்படியே செத்து விழுந்தது. படிக்க வேண்டிய நினைவகம் முன்பே அழிக்கப்பட்டுவிட்டது என்று பதிவில் இருந்தது. அழிக்கும் நிரல் அவள் எழுதியது.

மறுநாள் மீட்டிங்கில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "உன் பக்கமும் ஒரு தடவ பாரேன்" என்றாள், மெதுவாக, தமிழில். நான் எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்: என் பக்கம் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. நான் பார்க்கவே இல்லை. டீம் லீட் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பயம், வேறொன்றுமில்லை. அவளிடம் நான் ஆங்கிலத்தில் பேசியது அதுதான் முதல் தடவை.

கேப்ஸ்யூலே வேண்டாம், எண்களைப் பிரதி எடுத்தே கொடுங்கள் என்று மேனேஜர் முடித்துவிட்டார். அவளை வேறு வேலைக்கு மாற்றினார்கள். எனக்குப் பதவி வந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் ஒரே வண்டியில்தான் வந்தோம். தினமும் ஏறி உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்து "அப்புறம்?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருநாள், சென்னையில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். "என் தமிழக் கேட்டு அங்க எல்லாரும் சிரிக்கப் போறாங்க" என்று அவளே சிரித்தாள். ரயிலேற்றிவிடக்கூட நான் போகவில்லை. மீட்டிங் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் அதே தொழிற்சாலையில் புது இயந்திரங்கள் வந்தன. எண்கள் பல மடங்கு. பிரதி எடுத்து மாளவில்லை. பழைய கேப்ஸ்யூல் முறைக்கே திரும்புங்கள் என்றார்கள். என் பழைய நிரலைத் திறந்தேன். முகவரியை எடுத்திருக்கிறேன். உறையைப் பிடிக்கவில்லை. அந்த ஒரு வரி இல்லை.

ஆபீசில் நாங்கள் ஓட்டிப் பார்த்த சோதனை நிரல் கடைசி வரை உறையைத் தானே வைத்திருந்தது, அதனால் தப்பித்திருக்கிறது. தொழிற்சாலை நிரல் என்னிடம் கொடுத்த கையோடு விட்டுவிட்டது. நானும் பிடிக்கவில்லை; காலியான இடத்தில் வேறு எதுவோ வந்து உட்காரும் வரை பத்து நிமிடம் ஓடியிருக்கிறது. பிறகு அவள் நிரலைத் திறந்தேன். அழிக்கும் பகுதிக்கு மேலே அவளுடைய குறிப்பு, ஆங்கில எழுத்தில்: "நீ பிடிச்சிருக்கற வரைக்கும் நான் அழிக்க மாட்டேன்." சொன்னபடிதான் எழுதியிருந்தாள். ஒரு குறையும் இல்லை. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வரியைச் சேர்த்தேன். இரண்டு நாள் விடாமல் ஓட்டினோம், விழவில்லை. மீட்டிங்கில் எழுந்து, தளேகாவில் அன்று நடந்த தவறு என்னுடையது, அவளுடையது இல்லை என்றேன். புது மேனேஜர் "எந்த டெமோ?" என்றார். அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. நல்லது என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மீது காட்டுவது?

அவள் ஒருத்திக்குச் சொன்னால்தான் அது சொன்னதாகும். மூன்று வருடத்தில் பண்டிகை வாழ்த்தைத் தவிர எதுவும் அனுப்பியதில்லை. நாலு தடவை அடித்து அழித்து, பழையபடி ஆங்கில எழுத்தில் அனுப்பினேன்: "தளேகாவ்ல விழுந்தது என்ற தப்பு. பாக்காமயே உன்ன மாட்டிவிட்டுட்டேன். இப்பத்தான் கண்டுபிடிச்சேன். மன்னிச்சுரு." அன்றைக்குப் பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, வண்டி அவள் திருப்பத்தைத் தாண்டும்போது போன் அதிர்ந்தது. செய்தி தமிழ் எழுத்தில் இருந்தது. நான் இல்லாமலே ஊவுக்கு அப்புறம் இருப்பதையெல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"தெரியும். அன்னிக்கு சாயந்திரமே உன் ப்ரோக்ராமைப் பாத்துட்டேன். நீயே சொல்லுவன்னு இருந்தேன். அதான் தெனமும் வண்டில ஏறினதும் கேட்டேன்."

நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள். அத்தனை தடவையும் நான் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.