சாமை கொடுக்காத வீட்டுக்குத் தண்ணி

சமாதானம் பேசுகிறவருக்கு ஜீப் ஓட்டினால் கல் டிரைவர் பக்கம்தான் விழும். அக்கா ஊர் வளைவில் முன் கண்ணாடி நொறுங்கி என் மடியில் கொட்டியது. பக்கத்து சீட்டில் ஃபாதர் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார், அவர்மேல் ஒரு தூசி இல்லை. அடுத்தவருக்கு வந்த அடியை வாங்கிய டிரைவர்கள் யாராவது இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஃபாதர் சவரி பழுப்பு அங்கி போட்டு இடுப்பில் கயிறு கட்டிய துறவி. மதச் சண்டை எங்கே என்றாலும் போய் நடுவில் உட்கார்ந்துவிடுவார். நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். லைசென்ஸ் வாங்கிய கையோடு 1999இல் அவரிடம் சேர்ந்தேன். எங்கள் வீடு மலைமேல் குண்டனி நாட்டில், நாங்கள் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. அக்காவும் மச்சானும் மட்டும் வேதத்தில் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் ஊரில் அம்மன் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு படி சாமை கொடுத்து ஒன்றாகக் கலந்து பொங்குவார்கள். வரப்போகிற பொங்கலுக்குக் கொடுக்க மாட்டேன் என்றார் மச்சான். கொடுக்காத வீட்டுக்கு ஊத்துத் தண்ணி கிடையாது என்று ஊர் சொல்லிவிட்டது. அக்கா ஆறு மாசக் கர்ப்பத்தோடு, குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்து ஓடைக்கு இறங்கி ஏறினாள்.

கல் எறிந்தவனைப் பிடிக்கக் கதவைத் திறந்தேன். ஃபாதர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "பின்னால பஸ் வருது கண்ணு, ரோட்டுல கெடக்கற கண்ணாடியக் கூட்டித் தள்ளு."

கவுண்டர் வீட்டுக் காபி

அக்கா ஊருக்குத் தலைவர் ஊர்க்கவுண்டர், வாராவாரம் அவர் வீட்டுக்குப் போவோம். ஃபாதர் மிளகு விலை பேசுவார், மழை பேசுவார், காபி குடிப்பார். தண்ணியைப் பற்றி மூச்சு விட மாட்டார். திரும்பும்போது கத்தினேன். "இப்பக் கேட்டா முடியாதும்பார். சொன்னதுக்கப்பறம் அந்த வார்த்தையக் காப்பாத்தறதே அவருக்குப் பெரிய வேலையாயிரும்" என்றார். சரிதான், அதுவரைக்கும் குடம் யார் இடுப்பில் இருக்கிறது?

அடுத்த வாரம் நான் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. கவுண்டரே டம்ளரோடு வெளியே வந்தார். அவர் முகத்தில் நக்கல் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "ஏஞ்சாமி வெயில்ல உக்காந்திருக்கற, ஒரு வாய் குடி. எங்க ஊத்துத் தண்ணில போட்டது, ருசியா இருக்கும்."

ஃபாதர் கொண்டுபோன சாமை

அம்மன் பொங்கல் நெருங்கியதும் ஃபாதர், தான் தங்கியிருந்த ஆசிரமத்துச் சமையலறையில் ஒரு படி சாமை அளந்து வாங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில் வாசலுக்கு நடந்து, அக்கா வீட்டுக்காக என்று நீட்டினார். கவுண்டர் கோபப்படவில்லை, சங்கடப்பட்டார். "உங்க அடுப்பு எங்கூர்ல இல்லீங்களே, எப்படிங்க வாங்கறது?"

சேதி கேட்டு மச்சான் காட்டிலிருந்து மண்வெட்டியோடு வந்தார். இரண்டு சாமிக்கும் நல்லவராகப் பார்த்த ஃபாதர், சாமையை அங்கி மடிப்பில் ஏந்திக்கொண்டு தலைகுனிந்து நின்றார். மச்சான் அவரைப் பார்த்துக் கேட்டார்: "எம்பேர்ல அளந்து போட உங்களுக்கு யாருங்க சொன்னது? அதை நானே பண்ணியிருந்தா எம்பொண்டாட்டி எதுக்குங்க ஓடைக்குப் போறா?"

மேடையில் ஒரு நாற்காலி

சேந்தமங்கலத்தில் எல்லா மதத்தாருக்கும் சமாதானக் கூட்டம் வைத்தார் ஃபாதர். கவுண்டர் வர ஒத்துக்கொண்டதும் ஃபாதருக்குத் தலைகால் புரியவில்லை. மேடையில் மச்சானுக்குப் பக்கத்து நாற்காலியில் கவுண்டர் உட்கார்ந்துவிட்டால், மனசு இளகித் தானே ஊத்துத் தண்ணியை விடுவார் என்று கணக்கு. முந்தின நாள் சாயங்காலம் அக்கா ஓடைக்கரையில் வழுக்கி விழுந்தாள். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஃபாதரிடம் சொன்னேன். முகம் சுருங்கியது. "நாளைக்கு ஒருநாள் பொறுத்துக்கச் சொல்லு" என்றவர், காலையில் கவுண்டரை முன் சீட்டில் உட்காரவைத்து மரியாதையாகக் கூட்டி வரச் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் மச்சானோடு மலை இறங்கிப்போனார்.

நான் ஜீப்பில் காலி டிரம்களை ஏற்றி ஊத்துக்கே ஓட்டி, நிரப்ப ஆரம்பித்தேன். பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். என்னைத் தடுக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை, எங்கள் வீட்டுச் சாமை எங்கள் ஊரில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததே. கஞ்சி போட்ட வேட்டியோடு கவுண்டர் வந்தார். டிரம்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கூட்டத்துக்கு நேரமாச்சு, என்னை ஏத்திட்டுப் போ சாமி. தண்ணியப் பத்தி வந்து பேசிக்கலாம்."

முன் சீட்டில் உட்காரவைத்து மரியாதையாகக் கூட்டிப்போகச் சொல்லியிருந்தார் ஃபாதர், நானும் கடைசி டிரம்மை அப்படியே உட்காரவைத்து, சிந்தாமல் அக்கா வீட்டுக்கு ஓட்டினேன்.