நூறு மீட்டர் என்றால் எவ்வளவு

யோர்லெனிக்கு உட்கார்ந்த இடத்தில் கால் நிற்காது. மேசைக்கடியில் குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். மெதுவாகத் தட்டினால் யோசிக்கிறாள், வேகமாகத் தட்டினால் யாரையோ குடையப் போகிறாள் என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வேகமாகத்தான் தட்டிக்கொண்டிருந்தாள்.

கார்த்தாகோ நகரத்தில், பேராலயத்துக்குப் பின்னால் இருந்தது அந்தச் சின்ன சாப்ட்வேர் ஆபீஸ். அங்கே வேலைக்கு வருமுன் பதினாறு வருஷம் சமையல் வாயு லாரிகளுக்கு ரேடியோவில் வழி சொன்னவள் அவள். இதோ வந்துவிட்டேன் என்று எந்த டிரைவராவது சொன்னால், எந்த முனையில் நிற்கிறாய், அதைச் சொல் என்பாள். அந்தக் குணத்துக்காகவே முதலாளி ரண்டால் அவளைக் கூட்டிவந்தார். அங்கே இப்போது நிரலை மனிதர்கள் எழுதுவதில்லை. எழுதும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. கேட்டதைக் கேட்டபடி மூச்சு விடுவதற்குள் எழுதித் தள்ளிவிடும். கேட்டது சரிதானா என்று மட்டும் திரும்பக் கேட்காது. அதனால் வாடிக்கைக்காரர் கொழகொழவென்று சொல்வதை, ஆமாவா இல்லையா என்று பார்த்துச் சொல்லக்கூடிய வரிகளாக இறுக்கித் தருவது யோர்லெனியின் வேலை. வரிக்கு ஒரு சோதனை. தேறினால் திரையில் பச்சை, தவறினால் சிவப்பு.

இந்த முறை வந்தவர் வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்புகிறவர். சீக்கிரமாகப் போகணும், வீட்டைச் சுலபமாகக் கண்டுபிடிக்கணும் என்றார், அவ்வளவுதான். சீக்கிரம் என்றால் எத்தனை நிமிஷம், எப்போதிலிருந்து எண்ணுவது, சுலபம் என்றால் யாருக்கு என்று இரண்டு வாரம் அவரைத் தூங்கவிடாமல் கேட்டாள். கடைசியில் வரிகள் வந்தன. போன் வந்து நாற்பத்தைந்து நிமிஷத்துக்குள். யாரையும் வழி கேட்காமல். வாசலிலிருந்து இருபது அடிக்குள். அந்த ஊரில் வீட்டுக்கு எண் கிடையாது, ஏதாவது ஓர் அடையாளத்திலிருந்து இத்தனை மீட்டர் என்பதுதான் விலாசம். அதனால் இல்லாமல் போன அடையாளங்களையும் விடவில்லை. பட்டுப்போன அத்திமரம், எரிந்த சினிமாக் கொட்டகை, போன் கடையாகிவிட்ட பால் டிப்போ என்று நூற்று நாற்பது இடங்களை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தொண்ணூற்றேழு சோதனையும் பச்சை. திங்கள் காலையில் வண்டி ஓடவேண்டும். அவள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பேனாவை எடுப்பாள், வைப்பாள், எழுந்து துணிப்பையில் காபி வடிப்பாள், குடிக்காமல் ஆறவிடுவாள்.

ரண்டால் வந்து நின்றார். "எல்லாமே பச்சை. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு, பிஷப்போட கையெழுத்தா?"

"ஒரு வண்டி வேணும். ஒரு மணி நேரத்துக்கு."

காரணம் கேட்டார். அவளுக்கே தெரியாது, எங்கிருந்து சொல்வது? ஒரு சிவப்புகூட வராத வேலையை நான் பார்த்ததேயில்லை என்று மட்டும் சொன்னாள். நாலு மணிக்குள் வந்தாகணும் என்று முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார்.

டிரைவர் ஓல்மன் அவளுடைய லாரிக் காலத்து ஆள். பட்டியலில் முதல் பெயர் டொன் அப்தெனாகோ, ஊரே மரியாதையாக டொன் போட்டுக் கூப்பிடும் பெரியவர். சிமெண்ட் ஆலையில் முப்பது வருஷம் தூசி குடித்து நுரையீரலைத் தொலைத்தவர். திங்கள் காலை எட்டரைக்கு அவருக்குப் புதுச் சிலிண்டர் போகவேண்டும். விலாசம், பழைய பால் டிப்போவிலிருந்து ஐந்நூறு மீட்டர் தெற்கு, இருபத்தைந்து மேற்கு. உனக்குத் தெரிந்த வழி எதுவும் வேண்டாம், புது நிரல் போனில் சொல்கிற இடத்தில் நிறுத்து என்று ஓல்மனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. போன் சொன்னபடி திரும்பினார்கள், நின்றார்கள். வந்து சேர்ந்தாயிற்று என்றது போன். எதிரே மெக்கானிக் கடையின் சுவர், கீழே ஒரு நனைந்த நாய்.

"ஆக்சிஜன் நாய்க்கா, ராணி?" என்றான் ஓல்மன். அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"ஐந்நூறு மீட்டர் வந்துட்டோமே. மீட்டரப் பாரு, அரை கிலோமீட்டர் காட்டுது."

"எங்க வந்தோம்? நானூறுதான் வந்திருக்கோம். நாலு முனைதானே தாண்டினோம். இன்னும் நூறு பாக்கி இருக்கு."

யோர்லெனியின் குதிகால் அப்படியே நின்றது.

அந்த ஊரில் நூறு மீட்டர் என்றால் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த முனைவரை. முனைக்கு முனை எண்பது இருக்கலாம், நூற்று முப்பதும் இருக்கலாம், யாரும் நாடா பிடித்து அளந்ததில்லை. அவளும் அப்படித்தான் பிறந்ததிலிருந்து சொல்கிறாள். வாய்க்குள்ளேயே இருந்த வார்த்தை, கண்ணுக்கு எங்கே தெரியும்? சீக்கிரம், சுலபம் எல்லாம் தாங்களே கொழகொழவென்று வந்து நின்றதால் பிடித்துவிட்டாள். எண்ணோ சட்டை மாட்டிக்கொண்டு மரியாதையாக வந்தது, விசாரிக்காமல் உள்ளே விட்டாள். நூறு மீட்டர் என்று அவள் எழுதியதை நிஜமான மீட்டராக எடுத்துக்கொண்ட இயந்திரம், அதே வரியை வைத்துச் சோதனையையும் எழுதிக்கொண்டது. கேள்வியும் விடையும் ஒரே வாயிலிருந்து வந்தால் பச்சை வராமல் என்ன வரும்?

அடுத்த முனையில் திரும்பினார்கள். நீலக் கதவு. ஜன்னலருகில் மூக்கில் குழாயோடு டொன் அப்தெனாகோ உட்கார்ந்திருந்தார்.

"திங்கக்கெழமையிலேர்ந்து கம்ப்யூட்டர்தான் வழி சொல்லுமாமே. என் வீடு தெரியுமா அதுக்கு?"

"இன்னும் தெரியாது, டொன் அப்தெனாகோ."

அவர் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார். "இது திங்கக்கெழமை பத்து மணி வரைக்கும் தாங்கும்" என்றார்.

ஆபீஸில் ரண்டால் ஒரு வரியை மாற்றிவிட்டால் போதுமே என்றார். ஊருக்குள் நூறு மீட்டர் என்பது ஒரு முனை, அந்த வரி எழுத எவ்வளவு நேரம்? ஆனால் ஊருக்கு வெளியே எரிமலைக்கு ஏறும் சாலையில் முனையே கிடையாது. அங்கே நூறு என்பது சொல்கிறவர் இஷ்டம். அதற்கு இன்னொரு வரி எழுதினாள்: முனையில்லாத சாலையில் தூரத்தைத் தானாக முடிவு செய்யக்கூடாது, தெரியவில்லை என்று சொல்லி, வண்டி கிளம்புமுன் வீட்டுக்காரரைப் போனில் கேட்கவேண்டும். தெரியவில்லை என்று சொல்லும் இயந்திரத்தை யார் வாங்குவார்கள் என்று ரண்டால் சண்டைக்கு வந்தார். அவள் அசையவில்லை. அசையாததுதான் சரி, யார் வந்து கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்கிற நானும் அதைத்தான் சொல்வேன்.

சோதனைக்கான விடைகளை இந்த முறை இயந்திரத்திடம் விடவில்லை. ஓல்மனை உட்காரவைத்து, இருபது வீடுகளின் வாசலை அவன் வாயாலேயே வாங்கினாள். முதலில் பழைய நிரலையே அந்த விடைகளோடு ஓடவிட்டார்கள். பதினொன்று சிவப்பு. ரண்டால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யோர்லெனி அப்போதுதான் ஆறிப்போன காபியைக் குடித்தாள்.

புது வரிகளை வைத்து இயந்திரம் திருத்தி எழுதியது. ஒவ்வொன்றாகப் பச்சையாயின. எல்லாம் பச்சையான பிறகும் டொன் அப்தெனாகோ வீட்டுக்கான சோதனை வரியில் மட்டும் கையெழுத்தை நிறுத்திவைத்தாள்.

திங்கள் காலை வேண்டுமென்றே ஓல்மனை அனுப்பவில்லை. லிமோன் என்ற வெளியூரிலிருந்து போன வாரம் வந்த டிரைவரை அனுப்பினாள். பேராலயம் தவிர வேறெதுவும் தெரியாதவன். எட்டு இருபதுக்குப் போன் வந்தது.

"வாசல்ல நிக்கறேன், டோன்யா யோர்லெனி."

"எந்த வாசல்?"

"நீலக் கதவு."

"யார் இருக்கா?"

"மூக்குல குழாயோட ஒருத்தர். சிலிண்டர உள்ள எடுத்துட்டு வராம யார்கூடப் பேசறேன்னு திட்டறார்."

போனை வைத்துவிட்டு யோர்லெனி கடைசி வரியில் கையெழுத்துப் போட்டாள். பிறகு பட்டியலில் இரண்டாவது பெயரைப் பார்த்தாள். மேசைக்கடியில் குதிகால் மறுபடி தட்டத் தொடங்கியது.