பதினேழாவது கல்

அரியலூர் பக்கம் நான் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலையில், சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த பள்ளம் ஒன்று மழைநீர் தேங்கிக் குளமாகிவிட்டது. அதைச் சுற்றி ஜப்பானிய உலாத் தோட்டம் அமைக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். பெரம்பலூரிலிருந்து தினமும் போய்வரும் பஸ்ஸிலேயே அதைப் பற்றிப் படித்து, டைரியில் குறித்துக்கொண்டேன். சில நூற்றாண்டுகளுக்கு முன் ஜப்பானியச் சிற்றரசர்கள் தங்கள் மாளிகைகளில் விரும்பி அமைத்தது. நடுவில் குளம், சுற்றிலும் பாதை. எங்கே நின்றாலும் முழுத் தோட்டமும் தெரியாது. திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு காட்சி மறைந்து இன்னொன்று தெரியும். தூரத்து மலையையும் தோட்டத்தோடு சேர்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு வாய்த்தது புகைபோக்கிதான்; அதை மறைக்க மூங்கில் நட்டேன். ‘நடப்பவரின் வேகத்தைப் பாதைக் கற்களே தீர்மானிக்கும்’ என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன்.

கற்களைப் பதித்தவர் விக்கிரமங்கலத்திலிருந்து வரும் ஒரு பெண். இரண்டு நாளில் நாற்பத்தொரு கல். மூன்றாம் நாள் டேப்போடு போனேன். இடைவெளி ஓரிடத்தில் ஓரடி, இன்னோரிடத்தில் ஒன்றே முக்கால். மூங்கில் முடியும் திருப்பத்தில் பதினேழாவது கல் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு.

“என்னம்மா இது, ஆடு போன தடமாட்டம் இருக்கு?” என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“நடந்து பாருங்க சார். மூங்கில் தாண்டுனதும் தண்ணி தெரியுது. அங்க நிக்காம ஆரும் போவ மாட்டாங்க. அதுக்குத்தான் பெரிய கல்லு.”

“எனக்கே பாடம் நடத்துறியா?”

“சார் டேப்பு இல்லாம சோறுகூடத் திங்க மாட்டாரு, விடு” என்றார் இன்னொரு பெண்.

கல் பதித்தவர் செய்தது தவறு என்று காட்ட ஒவ்வொரு இடைவெளியையும் டைரியில் எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் பெயர்த்து, ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பதிக்கச் செய்தேன். பெரிய கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டேன்.

மேலாளர் வந்தார். போனில் பேசிக்கொண்டே விறுவிறுவென்று சுற்றி முடித்தார். குளத்தைப் பார்க்கவே இல்லை. “என்னங்க, பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரமாட்டம் போட்டு வெச்சிருக்கீங்க?”

“அந்தம்மா போட்டது சார். சொல்லச் சொல்லக் கேக்கல” என்றேன்.

சாந்துச் சட்டியோடு பக்கத்தில்தான் நின்றிருந்தார் அவர். என்னை ஒருமுறை பார்த்தார். மறுநாள் முதல் அவரை மூட்டை ஏற்றும் இடத்தில் சிமெண்ட் தூசி கூட்ட அனுப்பிவிட்டார்கள்.

டைரியைப் பார்த்துப் பார்த்து, கற்களை அவர் வைத்த இடத்திலேயே திரும்பப் பதித்தேன். மறுபடி வந்த மேலாளரின் கால்கள் பதினேழாவது கல்லில் தாமாகவே நின்றன. போனை இறக்கித் தண்ணீரைப் பார்த்தார். “இப்பதாங்க தோட்டம். உங்களுக்குக் கண்ணு இருக்கு” என்றார். நன்றி சொன்னேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. “ஆள் பத்தல சார், அந்தம்மாவத் திரும்ப அனுப்புங்க” என்று மட்டும் கேட்டேன்.

அந்தப் பெண் இருமிக்கொண்டே வந்தார். கற்கள் மேல் நடந்து, திருப்பத்தில் நின்றார்.

“நான் போட்டாப்லயே இருக்கே. எப்புடி சார்?”

“அளந்து வெச்சிருந்தேன்.”

“அப்பவே ஒருவாட்டி நடந்து பாத்திருக்கலாம்.” பிறகு, “இது நான் போட்டதுன்னு பெரியவருகிட்ட சொன்னீங்களா?” என்றார்.

செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொன்னேன்.

அன்றைய பக்கத்தில் கற்களின் எண்ணிக்கை இருக்கிறது, தண்ணீர் விட்ட நேரம் இருக்கிறது. அந்தக் கேள்வி இல்லை. விருந்தினர் வந்தால் மேலாளர் அந்தக் கல்லில் நிறுத்தி, என்னைக் கைகாட்டுகிறார். அந்தப் பெண் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நிற்கிறார். நான் கும்பிடுகிறேன்.