கல் என்றுதான் சொன்னான்

கோழி எரு ஏற்றுவதற்காகச் சேந்தமங்கலம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்குப் போயிருந்தேன். தீவன மூட்டைகளுக்கு நடுவே, பீகாரிலிருந்து வந்த வேலையாள் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். சூப்பர்வைசர் அவன் வாயில் வாழைத்தண்டுச் சாற்றை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"வவுத்துல கல்லுங்க. கேட்டா அவனே கல்லு கல்லுங்கறான். சாறு குடிச்சாக் கரைஞ்சிரும்."

நான் ரிக் வண்டியோடு வடக்கே பல வருடம் ஆழ்துளைக் கிணறு போட்டவன். குனிந்து இந்தியில் விசாரித்தேன். "கல் சே" என்று முனகினான். நேற்றிலிருந்து வலிக்கிறது என்றுதான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தியில் 'கல்' என்றால் நேற்று. நாளைக்கும் அதே சொல்தான்.

நிமிர்ந்து சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, நேத்திருந்து வலிக்குதுன்னு அழுவறான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாம சாறு ஊத்திட்டு இருக்கறீங்க?"

"அவன் பாசை எனக்கெங்கீங்க தெரியும்?"

அவரோடு பேச எனக்குப் பொறுமை இல்லை. அவனைத் தூக்கி லாரியில் ஏற்றி நாமக்கல்லுக்கு ஓட்டினேன். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம். அன்றே அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் எருவுக்காக மறுபடி போனேன். ஷெட்டுக்குள் அதே சூப்பர்வைசர் மற்ற வேலையாட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஜல்தி, ஜல்தி."

நல்ல உச்சரிப்பு. எரு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினேன். வேலை வாங்கத் தேவையான இந்தியை அவர் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது என்று கேட்கும் இந்திதான் அவருக்குத் தேவைப்படவே இல்லை.