வரதராஜன் சாரும் போர்தோ ஒயினும் ஒரே ஒரு கிளாஸும்

வரதராஜன் சார் போய்விட்டார். காலையில் அவர் மனைவி போன் செய்தார்...

தாம்பரம் ஆபீஸில் எங்கள் டிராயிங் செக்‌ஷன் சீனியர். என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுத்த மனுஷன். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதக்கூடாதுதான். ஆனால் உண்மை.

தொண்ணூறுகளின் ஆரம்பம். அவர் அக்கா பாண்டிச்சேரி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பிரான்ஸில் செட்டில் ஆனவர். லீவில் வரும்போதெல்லாம் அந்த ஊர் போர்தோ ஒயின் இரண்டு பாட்டில் கொண்டுவருவார். உடனே எனக்கும் என்கூட வேலை பார்த்த சேகருக்கும் ஞாயிற்றுக்கிழமை சாரின் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு சம்மன்.

குடிக்கக் கூப்பிடுகிறார் என்று நம்பித்தான் முதல் தடவை போனோம். ஆளுக்கு இரண்டே வாய்! "இது குடி இல்லய்யா, டேஸ்டிங்."

அதுவும் இருந்தது ஒரே ஒரு ஒயின் கிளாஸ். எச்சில் ஆகுமே என்று சேகர் அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். நானும் அப்படியே. பாதி சட்டையில்.

சார் தலையில் அடித்துக்கொண்டார். "வாய் வெச்சுக் குடிங்கய்யா! மூக்கை கிளாஸுக்குள்ள விடுங்க!"

"இன்னா சார் நீங்க... நான் எச்சில் பண்ணா அடுத்த ஆளு எப்டி குடிப்பான்?" என்றான் சேகர்.

கடைசியில் ஒவ்வொரு வாய்க்கும் அவரே எழுந்து போய் கிளாஸைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அப்புறம் நோட்டு, பேனா. என்ன வாசனை வருகிறது என்று சொல்லியாக வேண்டும். "நல்லாருக்கு சார்" என்றால் கோபம் வரும். "நல்லாருக்குங்கறது மரியாதை. வாசனையைச் சொல்லுங்க."

"துவர்க்குது சார்."

"அது எனக்கே தெரியுது. வாசனை?"

விடவே மாட்டார். வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள். ஒருநாள் வெறுத்துப்போய், முகர்ந்துகூடப் பார்க்காமல், வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். "நாவல்பழம் சார். மழையில நனைஞ்ச சாக்கு. கொஞ்சம் ரோஜாப்பூ."

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். அதிலிருந்து என்னைத்தான் முதலில் கேட்பார். நானும் ஏழெட்டு வருஷம் அடித்துவிட்டுக்கொண்டே இருந்தேன். சீக்கிரம் வீட்டுக்கு விடுவாரே என்றுதான்.

இன்று அவர் மனைவி சொல்கிறார்... "சின்ன வயசுல ஒரு ஜுரம் வந்து அவருக்கு வாசனையே தெரியாமப் போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதும்பார். நீங்க சொன்னதைப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் அவர் வாயில வைப்பார். உங்க மூக்கைத்தான் நம்பினார்."



என்ன சார் இது... ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா? ஒரு தடவையாவது ஒழுங்காக முகர்ந்து பார்த்துச் சொல்லியிருப்பேனே.

கோபம் கோபமாக வருகிறது. அழுகையும்தான். போய் வாருங்கள் சார்.