அறையைத் தாண்டாத அறுவடை

மும்பையில் டிராம்பே பக்கம் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் ஒரு செடி அறை உண்டு. ஜன்னல் கிடையாது. ரோஜா நிற விளக்கடியில் புகையிலை இனத்துச் செடிகள் நிற்கும். உள்ளே போனால் காலையா மாலையா என்பதே மறந்துவிடும். செடிகளைத் தலைகீழாகக் கரைசலில் முக்கி, இலைக்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்போம். கரைசலில் உள்ள பாக்டீரியா உள்ளே புகுந்து, ஒரு நோய் வைரஸின் ஒரே ஒரு மரபணுவை இலைக்குக் கொடுத்துவிடும். சில நாட்களில் இலை அந்த வைரஸின் மேல்கூட்டை மட்டும் செய்து வைத்திருக்கும். உள்ளே ஒன்றும் இராது, நோயும் தராது. அந்த வெறும் கூட்டைப் பார்த்தே உடம்பு எதிரியைத் தெரிந்துகொள்ளும். தடுப்பூசிக்கு அது போதும். செய்கிறவள் நானே என்றாலும் இன்னும் எனக்கு ஏதோ சொப்பனம் மாதிரிதான் இருக்கிறது.

அம்மாவுக்கு அப்படி இல்லை. அப்பா வாய்ப்புற்றுநோயில் போனவர். அவருடைய தம்பாக்கு டப்பியைப் புகையிலை வாசம் போகக் கழுவி, பைபிளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். யாரும் தொடக் கூடாது.

"ஒங்கப்பனத் தின்ன எழவ நீ தண்ணி ஊத்தி வளக்கியோ?"

"இது மருந்துக்கும்மா. வேற சாதி."

"தம்பாக்கு தம்பாக்குதாம்ட்டி."

அதோடு வேலையைப் பற்றி வீட்டில் பேச்சு நின்றது. பெற்றவளின் பிடிவாதத்தில் பாதியாவது எனக்கு இருக்காதா, நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் செம்பூர் தாண்டிக் கண் சொருகும்போதெல்லாம், ரோஜா வெளிச்சத்தில் அம்மா இலைகளைத் தடவிக்கொண்டே நடந்து போவாள்.

இந்த வருஷம்தான் எங்கள் இலைகளில் கூடு நன்றாகத் தேறியது. சந்தோஷம் தாங்காமல் அம்மாவிடம் உளறிவிட்டேன்.

"அறுத்தாச்சாக்கும்? அறுப்பின் பண்டிகைக்குக் கோயில்ல என்னத்தப் படைப்ப?"

"மரபணு மாத்துன செடிம்மா. ஒரு எலகூட அறைய விட்டு வெளிய வரக் கூடாது. மிச்சத்த அவிச்சுத்தான் குப்பைக்கே அனுப்புவோம்."



அறுப்பின் பண்டிகைக்கு விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலில் படைப்பதுதான் வழக்கம்; ஆனால் தாராவியில் எங்கள் சபையில் யாருக்கும் வயல் இல்லை. அவரவர் கைவேலைதான் காணிக்கை: தோல் பை, தைத்த சட்டை, அப்பளக் கட்டு. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அங்கே நிஜமாகவே செடியை அறுத்தவள் நான் ஒருத்திதான். பண்டிகையன்று வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தது துக்கமாக இருந்தது.

ஏலம் விடும் டெய்லர் மாமா, பைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தகர டப்பியை எடுத்தார். அப்பாவின் டப்பி. திறந்து பார்த்துவிட்டுக் கவிழ்த்துத் தட்டினார்.

"இது யாரு படச்சது? உள்ள ஒண்ணுமே இல்லியே!"

அம்மா எழுந்து நின்றாள்.

"எம் மவ அறுத்தது. எலைய வெளிய கொண்டாரக் கூடாதாம்."

சபையே சிரித்தது. கண்ணீரில் எனக்குக் கண் மறைத்தது. முதலில் கை தூக்கியவள் நான்தான். எனக்கு மேலே யாரும் கேட்கவில்லை.